பதினோரு எழுத்து

பத்தொன்பது வருஷம் நான்தான் பாடம் வாசித்தேன்
மௌல்மீன் தமிழ்ச் சபையில், ஞாயிறுதோறும்,
தகரத்தில் மழை அடிக்கும்போது
மழைக்கு மேலே குரலை ஏற்றி.
கேட்கிறவர்கள் தூங்கலாம்.
வாசிக்கிறவன் தூங்க முடியாது.

அப்படித்தான் பிடித்தது.
பெரிய வியாழன் இரவு.
ஒலிவ மரங்களுக்கு நடுவே அவர் முகங்குப்புற விழுந்து
என் விருப்பம் வேண்டாம், உம்முடையதே ஆகட்டும் என்று
கெஞ்சுகிற இடம்.
எத்தனையோ தடவை கடந்துபோன இடம்.
அன்று நாக்கு நின்றுவிட்டது.
விருப்பம் இரண்டென்றால்
ஆளும் இரண்டல்லவா?
இருமினேன். சளி என்று நினைத்தார்கள்.

பிறகு நான் தேடவில்லை, அதுவாக வந்தது.
கடைசி நாள் எதுவென்று மகனுக்கே தெரியாதாம்,
தகப்பனுக்கு மட்டும்தானாம்.
நல்லவரே என்று ஓடி வந்தவனிடம்
அந்தப் பேர் எனக்கில்லை, ஒருவருக்குத்தான் என்கிறார்.
தகப்பன் என்னிலும் பெரியவர் என்று
விருந்து முடிந்த ராத்திரியில் தானே சொல்கிறார்.
மரத்தில் தொங்கிக்கொண்டு
என் கடவுளே என்று கூப்பிட்டது
யாரை?

வானத்தில் மூன்று சாட்சிகள் என்றொரு வரி
அப்பாவின் பழைய புத்தகத்தில் உண்டு.
கப்பலில் வந்த புது அச்சில் இல்லை.
தாளை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன்
அழித்த தடம் தெரிகிறதா என்று.
அடுத்த வரி நெருங்கி நின்றது,
ஒன்றும் நடக்காததுபோல.

பகலில் நான் மர்த்தபான் படகுக்கு டிக்கெட் கிழிப்பவன்.
மூன்று பேர் வந்து நாங்கள் ஒரே ஆள் என்றால்
ஏற்றமாட்டேன்.
சலோமியிடம் சொன்னபோது சிரித்துவிட்டாள்:
'கடவுள் என்ன, உங்கள் படகுக்கா காத்திருக்கிறார்?'
அதுவும் சரிதான்.

டீக்கன் அருமைநாயகம் துறைக்கே வந்தார்.
சபையைக் கூட்டிக் கேட்க மனமில்லை போலும்.
குடை நுனியால் காட்டினார்:
'பார். சால்வீன், ஜைங், அத்தரான்.
மூன்று ஆறு. இங்கே ஒரே தண்ணீர்.
இதுகூடவா விளங்கவில்லை?'
நல்ல உவமை. ஞாயிறு பள்ளியில்
நானே பிள்ளைகளுக்குச் சொன்னதுதான்.
'ஐயா, இதில் எந்த ஆறு
இன்னோர் ஆற்றின்முன் முழங்காலிட்டு அழுதது?'

வெகுநேரம் தண்ணீரையே பார்த்தார்.
பிறகு மெதுவாக,
'காயத்தைப் பார்த்ததும் தோமா என்ன சொன்னான்?' என்றார்.
ஆண்டவரே என்றான். கடவுளே என்றான்.
அவரும் அவனைத் திருத்தவில்லை.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இன்றுவரை இல்லை.
சங்கு ஊதியது. டிக்கெட் கிழிக்கப் போனேன்.

சேதி கடைத்தெருவுக்கு எட்டி
உதுமான் லெப்பை கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்.
காசு வாங்கவில்லை.
'அப்போ நம்ம பக்கம் வந்துடுங்களேன்,
அங்கே ஒருத்தன்தான்.'

எப்படிச் சொல்வது?
நான் அவரை விட்டு வரவில்லை, லெப்பை.
அழுதவரை,
தெரியாது என்று சொல்லத் தெரிந்தவரை
முன்னைவிடக் கெட்டியாகப் பிடித்திருக்கிறேன்.
அவர் கடவுளாக இருந்த காலத்தில்
அவருடைய பயம்
எனக்கு நடிப்பாகவே பட்டது.
இதையெல்லாம் சொல்லவில்லை.
சர்க்கரை அதிகம் என்றேன்.

இப்போது பாடம் வாசிப்பது எப்பாப்பிரா என்றொரு பையன்.
வேகமாக வாசிக்கிறான், பிழைத்துக்கொள்வான்.
நான் கடைசி பெஞ்சில், கதவோரம்,
செருப்புகளுக்குப் பக்கத்தில்.
முடிவில் எல்லோரும் எழுந்து
பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்கிறபோது
பிதாவோடு வாயை மூடிக்கொள்கிறேன்.
மிச்சம் பதினோரு எழுத்து.
விரல்விட்டு எண்ணியிருக்கிறேன்.

அத்தனை நேரமும் சலோமி
என் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு
எனக்கும் சேர்த்து
சத்தமாகச் சொல்கிறாள்.
நான் கையை இழுத்துக்கொள்வதில்லை.